படுக்கை இல்லாமல் ஒரு ஸ்கேன்: தம்போயிலிருந்து பாசிர் கூடாங் வரை

அக்கா டாக்டர். பெயர் ரேகா. தம்போயில் கடைவீட்டு வரிசையில் கிளினிக். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளைப் பாசிர் கூடாங்குக்குக் காரில் கூட்டிப்போனேன். தொழிற்சாலை ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியை மாற்றச் சொல்லி, தனியார் கிளினிக் டாக்டர்கள் சிலர் மனு கொடுக்கும் கூட்டம். இந்தப் பயணப் பக்கத்தில் அருவி, தீவு என்றுதான் எழுதுவேன். இது வேறு. ஆனால் இந்த வழியில் இன்னும் பலர் போகவேண்டி வரும். அதனால் எழுதுகிறேன்.

குளுவாங்கில் காலை 6.30க்குப் பஸ். லார்கின் நிலையம்வரை 14 ரிங்கிட், இரண்டு மணி நேரம். அங்கிருந்து தம்போய்க்கு கிராப் டாக்சி, 9 ரிங்கிட். அக்கா கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கார் சாவியை என்னிடம் நீட்டினாள். வழியில் மனுவை இன்னொரு தடவை படிக்கவேண்டும் என்றாள். அதனால்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

9.40க்குக் கிளம்பினோம். 35 கிலோமீட்டர். நெடுஞ்சாலை முழுக்கக் கொள்கலன் லாரிகள். இடது தடத்தில் போகாதீர்கள். அக்கா மனுவைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"ரெண்டாவது பக்கம் நல்லா இருக்கா?"

"ஏழு தடவ கேட்டுட்டே. நல்லாதான் இருக்கு."

"சும்மா ரோட்டப் பாத்து ஓட்டு லா."

நீங்கள்தானே கேட்டீர்கள், டாக்டர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது பக்கத்தில் அக்காவின் நோயாளி மரியதாஸ் இருந்தார். வயது 44. ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று மாதமாகத் தலைவலி, இடது கை மரத்துப்போகிறது. ஸ்கேன் எடுக்கவேண்டும். வேலையில் கொடுத்த மருத்துவக் காப்புறுதி அட்டை, மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே பணம் கட்டும். படுத்தால் இரண்டு நாள் வேலைக்கு வராதவர் ஆவார். இந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். ஒப்பந்தம் போனால் அட்டையும் போகும். அரசு மருத்துவமனையில் தேதி ஐந்து மாதம் தள்ளி. சொந்தக் காசில் எடுக்க அவரால் முடியாது.

படுத்தால் வேலை இல்லை. படுக்காவிட்டால் ஸ்கேன் இல்லை.

10.45க்கு மண்டபம். வாகன நிறுத்தம் மணிக்கு 1 ரிங்கிட். காவலாளி தமிழர். "மேல மூணாவது மாடி. லிஃப்ட் ரோசாக் லா, கெட்டுப்போய் மூணு வாரமாச்சு. டாக்டருங்கதானே, படி ஏறுனா ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

மரியதாஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். காலில் இன்னும் பாதுகாப்பு பூட்ஸ்.

"வரவேணாம்னு சொன்னேனே அண்ணே. போய்த் தூங்குங்க."

"என் தலையப் பத்தித்தானே பேசப்போறீங்க டாக்டர். தலையே இல்லாம எப்படி?"

அக்கா சிரித்தாள். அன்று முதல் முறையாக.

கூட்டம் மலாயில் நடந்தது. நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். பதினோரு டாக்டர்கள், அவர்களோடு மரியதாஸ். எதிரே காப்புறுதி நிறுவன மேலாளர், பெயர் ஃபாரிட். பக்கத்தில் சுகாதார இலாகா அதிகாரி ஒருவர், குறிப்பு எடுப்பவர். ஃபாரிட் மரியாதையாகத்தான் பேசினார். தேவையில்லாமல் நோயாளிகளைப் படுக்கவைக்கிறார்கள், அதனால்தான் சந்தா ஏறுகிறது என்றார். படுக்காமல் எடுக்கும் ஸ்கேனுக்கும் பணம் கொடுங்கள், அது நின்றுவிடும் என்றாள் அக்கா.

"ஸ்கேனுக்காகவே படுக்கவைக்கிறார்கள் என்கிறீர்கள். எந்த டாக்டர்? ஒருவரைச் சொல்லுங்கள்" என்றார் ஃபாரிட்.

எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. கிளினிக் டாக்டர் கடிதத்தில் 'சேர்த்துக் கண்காணிக்கவும்' என்று எழுதுவார். மருத்துவமனை சேர்க்கும். நோயாளி ஓர் இரவு சும்மா படுத்திருப்பார். அட்டை பணம் கட்டும். யாரும் பேசுவதில்லை. பேசினால் பேனலிலிருந்து பெயர் போகும். பேனல் என்பது, ஊழியர்கள் போகலாம் என்று காப்புறுதி நிறுவனம் ஒப்புக்கொண்ட கிளினிக்குகளின் பட்டியல். அக்காவிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதன் வழியாக வருகிறவர்கள்.

அக்கா எழுந்தாள்.

"நான். பல தடவை எழுதியிருக்கிறேன். நோய் உண்மை. படுக்கை பொய். இவருக்கும் எழுதியிருப்பேன், படுத்தால் இவருக்கு வேலை போகும் என்பதால் எழுத முடியவில்லை. இதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

இலாகா அதிகாரியின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

பின்வரிசையில் ஒரு வயதான சீன டாக்டர் கை தூக்கினார். "நானும்." இன்னொருவர். கடைசியில் அக்காவோடு சேர்த்து ஆறு கைகள். ஐந்து கைகள் மேசைமேலேயே இருந்தன. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் கிளினிக் இருக்கிறது.

ஃபாரிட் மனுவின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். விதியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை, மேலே அனுப்புகிறேன் என்றார். மரியதாஸுக்கு மட்டும் சிறப்பு அனுமதி தரலாம் என்றார்.

"தாருங்கள். ஆனால் சிறப்பு அனுமதி என்று எழுதவேண்டாம். 'வெளிநோயாளி ஸ்கேன், அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதுங்கள். அடுத்த நோயாளிக்கு அந்தக் கடிதத்தைக் காட்டுவேன்."

அவர் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்து கடையில் ரொட்டி சானாய், தே தாரிக் டீ. மூன்று பேருக்கு 13 ரிங்கிட் 50 சென். மரியதாஸ் கொடுத்தே தீருவேன் என்றார். கொடுத்தார். அக்கா இரண்டாவது ரொட்டியையும் முழுதாகச் சாப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் துணிவு பற்றி நிறையப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்க அது பசித்த ஆள் மாதிரி இருக்கிறது.

போகிறவர்களுக்கு: மனு நான்கு பிரதி. அடையாள அட்டை. நோயாளியின் சம்மதம் எழுத்தில். குடிக்கத் தண்ணீர், அங்கே தரமாட்டார்கள். வாக்குறுதி எதையும் வாயால் வாங்காதீர்கள். மதியம் 2 மணிக்குமேல் திரும்பினால் ஷிப்ட் பஸ்களுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

மரியதாஸுக்கு அந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஸ்கேன். 9.20க்கு வெளியே வந்துவிட்டார். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறது, மூளையில் ஒன்றுமில்லை. அன்று மாலை ஷிப்டுக்குப் போனார். ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள்.

விதி இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டி இன்னும் இரண்டு பேர் படுக்காமல் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள்.

நேற்று காப்புறுதி நிறுவனத்திலிருந்து அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. 'சேர்த்துக் கண்காணிக்கவும்' என்று எழுதியதற்கு விளக்கம் தரும்வரை கிளினிக் பேனலிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறது. பதிலை அவள் போனில் சொல்லச் சொல்ல நான் குளுவாங்கில் தட்டச்சு செய்தேன். இரண்டே வரி. 'ஆம், எழுதினேன். இனி யாரும் அப்படி எழுதத் தேவையில்லாமல் செய்யுங்கள்.'

கீழே டாக்டர் ரேகா என்று அடித்தேன். அவளைக் கேட்காமல் அந்தப் பெயரை மட்டும் தடித்த எழுத்தாக்கினேன்.