ரோண்டாவின் முப்பத்தொரு வீட்டுப்பாடங்கள்

ரோண்டா காலகன் தன் நாற்பத்தாறாவது வயதில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் வடக்கே, வளைகுடாப் பக்கத்து மாட்டுப்பண்ணை ஒன்றில் பதினோரு பேருக்குச் சமைத்துப் போடுவது அவள் வேலை. பக்கத்து ஊருக்குப் போக இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே படிப்பு தபாலில் வந்தது.

படிப்பாசைக்குக் காரணம் டார்சியின் தொடையெலும்பு. டார்சி மாட்டுக்காரர்களின் தலைவன். முந்தைய ஆண்டு குதிரை அவன்மேல் உருண்டதில் எலும்பு முறிந்துவிட்டது. டாக்டரின் விமானம் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை டாக்டர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ரோண்டாதான் பலகை வைத்துக் காலைக் கட்டினாள். மருந்துப் பெட்டியிலிருந்து அவர் சொன்ன எண்ணுள்ள ஊசியை எடுத்துப் போட்டாள். விமானத்தில் வந்த நர்ஸ் கட்டைப் பார்த்துவிட்டு, "யாரு கட்டினது? நல்லா கட்டியிருக்காங்களே" என்றாள். இருபத்தெட்டு வருடச் சமையலில் ரோண்டாவிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நர்ஸ் படிப்புக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். அவள் எட்டோடு நின்றவள்.

அந்த வருடம் மழை விடவில்லை. பண்ணையின் மண் ஓடுதளம் சேறாகி, ஏழு வாரம் தபால் விமானம் இறங்கவே இல்லை. எட்டாவது வாரம் இறங்கியபோது ஒரு சாக்கு வந்தது. அதில் முப்பத்தொரு வீட்டுப்பாடங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஏப்ரல் பதினேழுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

ரோண்டா சாக்கைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு, இறைச்சி வைக்கும் குளிர் அறையைக் கழுவினாள். மறுநாள் அலமாரிக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். மூன்றாம் நாள் டின்களை அகர வரிசையில் அடுக்கினாள். அந்தப் பண்ணையின் சமையலறை அப்படிச் சுத்தமாக இருந்ததே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு தாளை எடுத்து, மேலே தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணலாக வந்ததால் வேறு தாள் எடுத்தாள்.

பாடம் நடத்தும் கெய்ட்லினுக்கு வயது இருபத்துநாலு. தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எத்தனை முடிஞ்சிருக்கு ரோண்டா?"

"பேரு எழுதியாச்சு."

"சரி. பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்லம்மா. உட்கார்ந்தா எந்திரிக்கத் தோணுது. எந்திரிச்சா ரொட்டிக்கு மாவு பிசையத் தோணுது."

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு மட்டும் போடுங்களேன்."

ரோண்டா சரி என்றாள். அன்று இரண்டு வேளைக்கான ரொட்டி சுட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் தாள்கள் கிடந்தன. மழை என்பதால் ஆட்களுக்குக் கொட்டகையில் சேணம் தைக்கிற வேலை மட்டும்தான். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்க அவசரமில்லை. தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும் பெவன், தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தான். முதல் குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டாவது பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒம்போது மணி நேரம்" என்றான் பெவன். "இதெல்லாம் ஒரு கேள்வியா?"

ரோண்டா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "அதெப்படி ஒம்போது? முதல் குழாய் தனியாவே ஆறு மணி நேரத்துல நிரப்பிடுதே. கூட ஒண்ணைத் திறந்தா லேட்டாகுமா?"

"நான் இருபத்திரண்டு வருஷமா தொட்டி நிரப்புறேன், குக்கி. நீ எத்தனை நிரப்பியிருக்க?" பண்ணையில் சமைப்பவளை ஆட்கள் கூப்பிடுவது அப்படித்தான்.

"குழம்புச் சட்டி நிரப்பியிருக்கேன்."

"அது வேற, இது வேற."

டார்சி தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னான்: "அவன் சொல்றதுல ஏதோ தப்பிருக்கு. என்னன்னுதான் தெரியல."

ரோண்டா ஈரக் கையோடு மாவு அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் முதல் குழாய் ஆறில் ஒரு பங்கு, மற்றது பன்னிரண்டில் ஒரு பங்கு. சேர்த்தால் நாலில் ஒரு பங்கு. நாலு மணி நேரம். அட்டையைப் பெவன் முன்னால் போட்டாள். அவன் பார்த்துவிட்டு, "அட்டையில சரிதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காலித் தொட்டியில் இரண்டு குழாய் மாட்டிச் சோதித்தார்கள். நாலு மணி நேரம் இருபது நிமிடம் ஆனது. பெரிய குழாயின் வாயில் தவளை ஒன்று அடைத்திருந்தது. தவளை இல்லாமல் இருந்திருந்தால் ஒன்பதுதான் ஆகியிருக்கும் என்றான் பெவன்.

ரோண்டாவுக்கு அன்று தன்னைப் பற்றி ஒன்று புரிந்தது. தானாக உட்கார்ந்து எழுத அவளால் முடியாது. ஆனால் ஒருவன் தப்பான பதிலை நிச்சயமாகச் சொல்லிவிட்டால், அதை முறியடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் இனிப்பு பரிமாறுவதற்கு முன் ஒரு கேள்வியைப் படித்தாள். எரிமலை வெடிப்பது வெயில் சூட்டினால் என்றான் பெவன். இதயத்தில் மூன்று அறை என்றான். ஒன்று காலியாக இருக்குமாம். எல்லாரும் கிளம்பிய பிறகு, இரண்டு மணியிலிருந்து நாலரை மணிவரை அவள் எழுதினாள். மூன்று வாரத்தில் பத்தொன்பது முடிந்தது.

ஒருநாள் அவனைத் தனியாகப் பிடித்தாள். "பெவன், எனக்கு உதவியா இருக்கட்டும்னுதான் வேணும்னே தப்பாச் சொல்றியா?"

பெவன் முகம் மாறியது. "எது தப்பு?" என்றான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் ஒரு வரிகூட எழுத முடியாமல், ரோண்டா ஆப்பிள் பை சுட்டு அவன் முன் வைத்துச் சமாதானம் செய்தாள். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "கங்காரு முட்டைதான் போடும்" என்றான். அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

ஏப்ரல் பதினேழுக்குள் இருபத்தொன்பது பாடம் போனது. வரலாற்றில் இரண்டு நின்றுவிட்டன. சுருக்கம் எழுதச் சொன்ன அவற்றில் பெவன் தப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. வருடக் கடைசியில் வரலாறு தவிர எல்லாவற்றிலும் தேறினாள். வரலாற்றை அடுத்த கோடையில் மறுபடி எழுதி, இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் கரையேறினாள்.

மவுண்ட் ஐசா நகரத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கிளம்பும் நாள் டார்சி பெட்டியை வண்டியில் ஏற்றினான். பெவன் வேலியருகே நின்றான்.

"அங்க படிப்பு ரொம்பக் கஷ்டமாமே" என்றான்.

"ஆமா. உன் நம்பரைக் குடு."

"எதுக்கு?"

"வாரத்துக்கு ஒருநாள் கூப்பிடுவேன். மனுஷன் உடம்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்கணும்."

"எல்லாம் தெரியும்" என்று சொல்லி, பெவன் எண்ணை எழுதிக் கொடுத்தான்.