வாசலை அடைத்து நின்ற லாரி

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். தெரு முனையில் வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில் "அமைதியே உருவானவர்" என்று போட்டிருக்கிறது. நானும் அப்படி எழுதினால், கலியபெருமாள் மாமாவைத் தெரிந்த நீங்கள் இது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் ஒரு கட்டுரைப் போட்டியை முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். அப்பா போனில், "பக்கத்து வீட்டு மாமா தவறிட்டாரும்மா. பஸ் புடிச்சி வா. முனையிலேயே எறங்கி நடந்து வா, உள்ள வழியில்ல" என்றார். ஏன் வழியில்லை என்பது கடலூர் வந்த பிறகுதான் தெரிந்தது.

மற்றவர்கள் வீட்டில் சோபா இருக்கும் இடத்தில் மாமா வீட்டில் இரும்பைக் கடையும் லேத் இருந்தது. சிப்காட்டிலிருந்தும் கீரப்பாளையத்திலிருந்தும் லாரிக்காரர்கள் நெளிந்த, விரிசல் விட்ட ரிம்களை அங்கே கொண்டுவருவார்கள். ரிம்மை லேத்தில் மாட்டியதும் தனம் அத்தை சுவிட்சைப் போடுவார். சுற்றும் ரிம்மின் அருகே மாமா ஒரு சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ, அங்கே மேடு. "சின்னப் பள்ளம்தான் மாமா, எறங்கிடுச்சி" என்று டிரைவர் இழுத்தால், "சின்னப் பள்ளமா? அதுல எறங்குன பஸ்ஸு ஒன்னு போன மாசத்துலேருந்து இன்னும் மேல வரலயாம்" என்பார்.

ஒரு கல்யாணத்துக்கு அவர்களுடன் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் மாமா எழுந்து, "நிறுத்துய்யா! பின் சக்கரம் ஆடுது!" என்று கத்தினார். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். மாமா ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. சீர் வைக்க அத்தை கொண்டுவந்த எவர்சில்வர் குடம்தான் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. "குடமும் கோணலாத்தான் இருக்கு. இனிமே அந்தக் கடையில வாங்காத" என்றார்.

இறப்பதற்கு முந்தின மாலை, சேவியர் என்ற டிரைவரின் லாரியை வாசலிலேயே ஜாக்கி போட்டு நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மிலிருந்த விரிசலை வெல்டிங் வைத்து அடைத்தார். "மேடு நிக்குது. காலையில கடைஞ்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நம் சந்தின் அகலம் உங்களுக்குத் தெரியும். லாரிக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிந்தது. மாலையோடு வந்தவர்கள் பாதிப் பூவை லாரியிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஐஸ் பெட்டியை எங்கள் வீட்டு மதில்மேல் ஏற்றித்தான் இறக்கினார்கள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். வடலூரிலிருந்து வந்திருந்த மாமாவின் அண்ணன், "பெட்டி வந்த மாரியே செவுத்து மேலயே தூக்கிடலாம்" என்றார்.

அதுவரை அழுதுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "அவரு என்ன திருடனா, செவுரு ஏறிப் போறதுக்கு? வாசல் வழியாத்தான் போவாரு."

"ஸ்டெப்னி எங்கய்யா?" என்று பெரியவர் சேவியரிடம் பாய்ந்தார்.

"அதுவும் உள்ளதாங்க கெடக்குது. அதுலயும் விரிசல்."

வீடு முழுக்கச் சக்கரங்கள் கிடந்தன. ஒன்றுகூட நல்லதில்லை. நல்ல சக்கரத்தை யார் மாமாவிடம் கொண்டுவருவார்கள்?

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லேத்திடம் போனார்.

"ஏம்மா, சாவு வீட்டுல மெஷின் ஓட்டுவாங்களா?"

"ஓட்டலன்னா இது சாவு வீடாவே இருந்துடும், பெரிய மாமா."

சேவியர் ரிம்மைத் தூக்கி மாட்டினார். அத்தை சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய், ஐஸ் பெட்டியும் நின்றது.

அத்தை வெல்டிங் மேட்டைக் கடைந்து சமமாக்கினார் என்பதும், சேவியர் டயரை மாட்டி லாரியைப் பின்னால் எடுத்தார் என்பதும், வெயில் இருக்கும்போதே மாமா வாசல் வழியாகப் போனார் என்பதும் நீங்கள் பார்த்ததுதான். லாரி நகர்ந்தபோது நாம் எல்லோரும் மாமாவை விட்டுவிட்டு அந்த முன் சக்கரத்தைத்தான் பார்த்தோம். அது ஆடவில்லை.

அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை. அப்பா ஃபியூஸைக் கட்டிவிட்டு வந்து, "பெட்டியும் லேத்தும் சேந்து ஓடணும்னா வேற எதுவும் ஓடக் கூடாது" என்றார். வேண்டாம் என்று சொன்ன பெரியவரே போய் மைக் செட்டை நிறுத்தினார். யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். அத்தை ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க. நீங்க விட்டுட்டுப் போன வேலதான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு லேத் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் விளக்குகளை அணைத்தேன்.