அப்பா கழற்றிய பிரேக் கேபிள்

மண்ணெண்ணெய் வாசம் எங்கேயாவது வந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வருவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்க சிமெண்ட் தரைதான் வரும். பழைய பிஸ்கட் டின் நிறைய மண்ணெண்ணெய்... அதற்குள் மூழ்கிக் கிடக்கும் நட்டும் போல்ட்டும்.

எல்லாம் மோகன் அண்ணனின் பைக்கில் இருந்து கழற்றியவை.

எண்பதுகளின் தொடக்கம். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் பைக். அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்றிலிருந்து அப்பா ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. ஆனால் அவர் ரயில்வேயில் ஃபிட்டர் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? ஞாயிறானால் அவரே உட்கார்ந்து சர்வீஸ் செய்வார். வேறு யாரையும் அதில் ஸ்பானர் வைக்க விடமாட்டார்.

எனக்கு அப்போது சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பத்தொன்பது வயது. ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, ஃபேக்டரி பஸ்ஸை விட்டுவிட்டேன். எங்கள் வரிசை மூலையில் இருந்த சீனர் கடைக்கு போன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பஸ் போயிருச்சுண்ணே... வந்து கூட்டிட்டுப் போ லா."

"அங்கயே நில்லு. வரேன்."

ஃபெடரல் ஹைவேயில் நின்றிருந்த ஒரு லோரியின் பின்னால் போய் மோதியிருக்கிறான். அது தெரியாமல் நான் ஃபேக்டரி வாசல் கார்டு ரூமில் நின்று, இன்னும் வரவில்லையே என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் வராதாடி?"

அதற்குப் பிறகு என்னிடம் பேச்சே கிடையாது. என் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வண்டியை அப்பா லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன் ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி... பார்க்கவே முடியவில்லை.

"அத எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க? எங்கயாச்சும் தூக்கிப் போடுங்க!" என்று அம்மா கத்தினாள்.

"என்ன கோளாறுன்னு பாக்கணும்," என்றார் அப்பா.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் இருந்து அதுவே வேலை. ஃபோர்க்கை நிமிர்த்தினார். டேங்க்கின் நசுங்கலைத் தட்டித் தட்டி எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுப்பேன். வாய் பேசாது, மனசு மட்டும் வேண்டிக்கொண்டே இருக்கும். முருகா... இதில் ஏதாவது ஒன்று பழுதாகி இருக்கணும். இருந்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன்.

ஒன்றும் இல்லை. செயின் சரி. டயர் சரி. கடைசியில் முன் பிரேக் கேபிளை உருவி எடுத்தார். ஓர் இழைகூட விட்டுப்போகாமல் முழுசாக இருந்தது.

அப்பா அதைத் துணியால் துடைத்தார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு பிளையரை எடுத்தார். ஒரே வெட்டாக வெட்டவில்லை. இழை இழையாகப் பிரித்து, முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடித்தார். தானாக அறுந்த கேபிள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"போய் அம்மாவக் கூப்பிடு."

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். அப்பா கேபிளை நீட்டினார்.

"பிரேக் கேபிள் அறுந்துருக்கு. அதான் வண்டி நிக்கல. புள்ளைங்க மேல தப்பில்ல."

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமதானே நீங்க சர்வீஸ் பண்ணுனீங்க?"

"ஆமா."

"கேபிள பாக்கலையா?"

"பாக்கல."

நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று மத்தியானம் அம்மா என்னிடம், "வா, சாப்பிடு," என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் சாகும்வரை, இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தட்டு மட்டும் மேஜையில் இருக்கும்.

அப்பா புது கேபிள் போட்டு வண்டியை முடித்தார். ஸ்டார்ட் செய்தபோது பழைய சத்தம் அப்படியே வந்தது. அம்மா பின்கதவைச் சாத்திக்கொண்டாள். கிள்ளானில் இருந்து வந்த ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தார். "பிரேக் நல்லா இருக்கு, நம்பி ஓட்டுங்க," என்று மட்டும் சொன்னார்.

நான் பால்குடமும் எடுத்தேன். அத்தனை படியும் அழுதுகொண்டே ஏறினேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பாவிடம் கேட்டேன். "அம்மாகிட்ட சொல்லிரட்டுமாப்பா?"

"வேணாம்மா. அவளுக்கு யாரு மேலயாச்சும் கோவப்படணும். அது என் மேலயே இருந்துட்டுப் போவட்டும் லா."

அவர் சொன்னதால் அம்மாவிடம் சொல்லவில்லை என்பது பாதிதான். மீதி பயம்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை, அந்த இடத்தில் பெரிய பெரிய கட்டடங்கள். நான் ரவாங்கில் இருக்கிறேன். மழை பெய்தால் என் மகள், "கார் புக் பண்ணிட்டேன்மா," என்று மெசேஜ் அனுப்புகிறாள். யாரையும் வரச் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

போன மாதம் அம்மாவும் போய்விட்டாள். அலமாரியைக் காலி செய்தபோது அண்ணனின் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த அந்தக் கேபிள் கிடைத்தது. இழைகளின் முனையைத் தடவிப் பார்த்தேன்... அப்பா மடக்கிய மடக்கு அப்படியே இருக்கிறது.

அப்பா, அம்மா இரண்டு பேர் படத்துக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறேன். தினமும் விளக்கேற்றும்போது அம்மா படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

"அப்பா கேபிளப் பாத்தாரும்மா. நல்லாத்தான் பாத்தாரு."