சனிக்கிழமை மட்டும் பச்சை

என் மாமனார் இரத்தினசிங்கத்துக்கு அடுத்த மாதம் எழுபத்தைந்து வயது. அவர் வேலை செய்த இடத்தின் ஓய்வுபெற்றோர் சங்கம் அதற்காக ஒரு மலர் வெளியிடுகிறது. மலரின் பக்கங்களை அடுக்கும் பிரதீஸ், குடும்பத்தின் சார்பில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று கேட்டார். என் கணவர் கிஷாந்துக்கு அப்பாவைப் பற்றி எழுதப் பயம். "நீர்தானே வீட்டில இருக்கிறீர், நீர் எழுதும்" என்று என் தலையில் கட்டிவிட்டார். எழுதுகிறேன்.

கொலன்னாவைப் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் முப்பத்துநான்கு வருடம் பொறுப்பாளராக இருந்தவர் மாமா. அந்தக் காலத்தில் ஓர் ஆணிகூடக் காணாமல் போகவில்லை என்று சங்கத்தார் மேடையில் சொல்வார்கள். அது உண்மைதான். ஓய்வு பெற்றவர் களஞ்சியத்தை வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். அவருடைய அறையில் ஓர் இரும்பு அலுமாரி இருக்கிறது. அதன் பூட்டுத் திறப்பு எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். சவர்க்காரம், பற்பசை, பல்பு எல்லாம் அதற்குள். பழைய பல்பைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதிய பல்பு. பற்பசைக் குழாயை அவர் முன்னால் ஒருமுறை பிதுக்கிக் காட்ட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரம் இதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து வருடம் வேலையில்லாமல் இருந்த எனக்கு இந்த வருடம் ஒரு வேலை கிடைத்தது. மெல்பேர்னில் பல் வைத்தியர்களுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது. காலை ஆறு மணிக்குத் தொடங்கும். மூன்று மாதம் பரீட்சார்த்த காலம். அழைப்பு அறுந்தால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை முடியும். கைபேசி டேட்டா கூடாது, வீட்டு இணைப்புத்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். இந்த வேலை போனால் நான் மறுபடியும் பழைய பல்போடு அவர் கதவடியில் நிற்கிற ஆள்தான்.

இணைப்புக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். ரவுட்டர் முன்பு ஹோலில் இருந்தது. அடுத்தவன் நம்முடைய வைஃபையைத் திருடிப் பாவித்தால் பொலிஸ் நம்மைத்தான் பிடிக்கும் என்று கோயிலில் யாரோ சொல்ல, போன வருடம் மாமா அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார். அவருடைய அறைக்குள் நாங்கள் யாரும் போவதில்லை. வெளியே போகும்போது பூட்டிவிட்டுத்தான் போவார். என் மேசை வீட்டின் மறுகோடியில், சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு படம் திறக்கிற நேரத்தில் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். ஹோலில் உட்காரலாம் என்றால் அங்கே காலை ஐந்தரைக்கே மாமாவின் தொலைக்காட்சி ஓடத் தொடங்கிவிடும்.

முதல் மாதமே ஒரு எச்சரிக்கை வந்தது. காலி வீதிக் கடையொன்றில், வைஃபை சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கி என் மேசைக்குப் பக்கத்திலேயே செருகினேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது எச்சரிக்கை வந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் வயரிங், வைஃபை வேலை செய்கிற ஹபீஸைக் கூப்பிட்டேன். வந்தவர் நான் வாங்கிச் செருகியதைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க சிக்னல் வாரல்ல எண்டுதானே என்னக் கூப்பிட்டீங்க மிஸ்? வராத எடத்துல வச்சா இது எதப் புடிக்கிற? நடுவுல வைக்கணும்."

அவர் கொண்டு வந்தது இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்கிற எக்ஸ்டெண்டர். ஒரு அலைவரிசை தூரம் போகும், ஆனால் மெதுவானது, மாடி முழுக்க எல்லார் வீட்டு வைஃபையும் அதில்தான் நெரிபடுகிறது. மற்றது வேகமானது, ஆனால் இரண்டு கொங்கிரீட் சுவரைக் கண்டால் களைத்துவிடும். நடுவில் இதை வைத்தால் அந்த வேகத்தை வாங்கி உள்ளே அனுப்பும் என்று விளக்கிவிட்டு, நடைவழியில் இருந்த பிளக்கில் செருகினார். விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்ல இணைப்பென்றால் பச்சை எரிய வேண்டுமாம். ஹபீஸ் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நடந்து மாமாவின் அறைக் கதவடிவரை போனார். அங்கேயும் சிக்னல் இல்லாதது மாதிரித்தான்.

"அங்கிள், ரவுட்டர ஒருக்காப் பாக்கலாமா?"

மாமா கதவை மறித்துக்கொண்டு நின்றார். "அது உள்ளுக்க நல்லாத்தான் இருக்கு. நீர் உம்மட சாமானைப் பாரும்."

"ரெண்டு நிமிசம்தான். இல்லாட்டி ஒரு வயர் இழுத்துக் குடுத்துட்டுப் போறன். அதுவும் நல்லம்."

"என்ர அறைக்குள்ள கண்டவனையும் விட ஏலாது."

ஹபீஸின் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடமாக ஊரெல்லாம் வீடு வீடாகப் போகிற மனிதர். நான் கூசிப்போனேன். படிக்கட்டில் இறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த எக்ஸ்டெண்டர் பொட்டில பிழை இல்ல மிஸ். அதுக்குக் கெடைக்கிறதத்தான் அது குடுக்கும். வெளக்கு எப்ப பச்ச ஆகுது எண்டு மட்டும் எழுதி வைங்க. ரவுட்டருக்கு என்னமோ மறைப்பு ஈக்குது."

சமையலறைக் கலண்டரில் எழுதத் தொடங்கினேன். திங்கள் சிவப்பு, செவ்வாய் சிவப்பு, வெள்ளி வரைக்கும் சிவப்பு. சனிக்கிழமை மாலை ஆறரைக்குப் பச்சை. ஏழேகாலுக்கு மறுபடி சிவப்பு. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. அடுத்த சனியும் அதே ஆறரை, அதே ஏழேகால். மாடியில் சனங்கள் வெளியே போயிருப்பார்கள், நெரிசல் குறைந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கிஷாந்திடம் சொன்னபோது, "அப்பாவோட கதைச்சுச் சண்டையாக்காதையும்" என்றார். அவர் அலுவலகத்தில் அலுவலக இணைப்பைப் பாவிக்கிறார், வீட்டில் கைபேசி டேட்டாவைப் பாவிக்கிறார். அவருக்கென்ன.

பரீட்சார்த்த காலம் முடிய ஆறு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நானே மாமாவிடம் போய்க் கேட்டேன். "மாமா, இண்டைக்கு மட்டும் உங்கட அறைக் கதவைத் திறந்து விடுங்கோ. இன்னொருக்கா அறுந்தால் என்ர வேலை போயிடும்."

"ஓம் பிள்ளை, பாப்பம்" என்றார். எட்டு மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஒன்பதரைக்கு ஒரு கிழவர் அழைத்தார். தாடை வீங்கி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், பேசவே முடியவில்லை. பெயரைச் சொன்னார், பிறந்த திகதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுந்துவிட்டது. நான் திரையைப் பார்த்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை அந்த எக்ஸ்டெண்டரைக் கழற்றி எறிவதற்காக நடைவழிக்குப் போனேன். குனிந்து கையை வைத்தபோது விளக்கு பச்சையானது. ஆறரை. மாமாவின் அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. டொரன்டோவில் இருக்கும் மகள், என் மச்சாள், கிழமைக்கு ஒருமுறை அவரை அழைக்கிற நேரம் அதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய கதவைத் தட்டாமல் திறந்தேன்.

இரும்பு அலுமாரியின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. நடுத்தட்டில் சவர்க்காரக் கட்டிகளுக்கும் பல்புப் பெட்டிகளுக்கும் நடுவே ரவுட்டர் மினுங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத் தகட்டில் துளை போட்டு வயரை உள்ளே எடுத்திருந்தார். எதிரே கதிரை போட்டு, டெப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சாளின் மூக்குத்திகூடத் தெரிந்தது, அவ்வளவு தெளிவான படம்.

"இதுக்குள்ளயோ மாமா பூட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

"பாதுகாப்பா இருக்கு."

"கதவு திறந்தால்தான் வேலை செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியும். அதாலதான் சனிக்கிழமையில திறக்கிறீங்கள்."

"எந்த நாளும் திறந்து வைக்கேலாது. பிறகு ஆர் எடுக்கினம், எவ்வளவு எடுக்கினம் எண்டு ஒண்டும் தெரியாது."

"இந்த வீட்டில இருக்கிறது மூண்டு பேர்."

மடியிலிருந்து மச்சாள் கேட்டாள். "அப்பா, என்ன சத்தம்? ஆரு, மிதுனாவோ?"

"ஓம் மச்சாள், நான்தான்" என்றேன். "நேற்று எனக்கு வேலை போட்டுது. ஏன் போனது எண்டு உங்கட அப்பாவைக் கேளுங்கோ."

"என்னப்பா சொல்றா அவ? நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

மாமா எழுந்தார். அலுமாரியின் இரண்டு கதவையும் சாத்தினார், திறப்பைத் திருப்பினார், இடுப்பில் செருகினார். டெப்லெட்டில் மச்சாள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படமும் போய்விட்டது. அவர் மறுபடி கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நான் என் அறைக்கு வந்துவிட்டேன்.

நேற்று அடுத்த சனிக்கிழமை. ஆறேகாலுக்கே நடைவழியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஆறரை ஆனது, ஏழு ஆனது, ஏழேகாலும் ஆனது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. உள்ளே அவர் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. திறந்தால் மகள் முன்னால் பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் மகளே வேண்டாம் என்று இருந்துவிட்டார். எனக்கு இரக்கம் வருகிறதா என்று ஏழரை வரைக்கும் இருந்து பார்த்தேன். வரவில்லை.

பிரதீஸ், இதை மாடிப்படியில் நின்று என் கைபேசி டேட்டாவில் அனுப்புகிறேன். போடுவதானால் ஒரு சொல்லும் வெட்டாமல் போடுங்கள்.