புகை அடிக்கும் பக்கம்

பொதுக் காடொன்றை மீட்டெடுக்கும் நடைமுறை எனக்கு மனப்பாடம். அறிவித்தல், ஆட்சேபனைக்கு அவகாசம், கூட்டம், கூட்டத்தில் வடையும் பிளேன்ரீயும், கடைசியில் பெயர்ப்பலகை. கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரை இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பலகைகளில் ஆடுகள் முதுகு தேய்த்துக்கொண்டன. எங்கள் ஊர்க் களப்போரத்தில் உப்புத்தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் காடு மட்டும் இந்த நடைமுறைக்குத் தப்பிப் பிழைத்தது. அதைக் காப்பாற்றியது எங்கள் வீட்டு அடுப்படி.

நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. எனக்கு மூத்தவரான ராத்தாவுக்குக் கல்யாணமாகி, ஊர் வழக்கப்படி மச்சான் எங்கள் வீட்டோடு வந்துசேர்ந்திருந்தார். பொத்துவில் பக்கத்துக்காரர். அந்தக் காட்டைக் காவல்காப்பதுதான் வேலை. ஒரு பாதியை ஆட்கள் வந்து பார்த்துப்போக விட்டு, கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும் மறுபாதியை மூடியிருந்தார்கள். அங்கே காய்ந்த கொப்பைக்கூடத் தொடக்கூடாது. தொட்ட பெண்களின் விறகுக் கட்டுகளை மச்சான் பறித்து, திரும்பக் காட்டுக்குள்ளேயே போட்டுவிடுவார்.

உம்மா மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கமாட்டார், அது மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று அவர் சொல்வதை நான் மச்சான் இருக்கும் முன்வீட்டு அறைக்குக் கொண்டுபோய், பதிலோடு திரும்புவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பால் நின்று உரக்கக் கேட்டார்: "எங்கட கட்டெல்லாம் பறிக்காரே உங்கட மருமகன், மாமிட அடுப்புக்குள்ள எட்டிப் பார்க்கல்லியாகா?"

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மச்சானுக்கும் அது கேட்டது. எங்கள் அடுப்பில் எரிந்தது கண்டல் விறகுதான். புகையில்லாமல் நின்றெரியும். புது மருமகனுக்கு ருசியாக ஆக்கிக்கொடுக்கவென்றே உம்மா மூடிய பாதிக்குள் போய்ப் பொறுக்கி வந்திருந்தார்.

அன்று பகல் மச்சான் சோற்றைத் தொடவில்லை. பேக்கரிக் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளும் பாண். மருமகன் மாமி வீட்டில் சோறு தின்னாமல் இருப்பதைவிடப் பெரிய செய்தி எங்கள் ஊரில் கிடையாது. அவர் உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு பொத்துவிலுக்கே போய்விடுவார் என்று ராத்தா குப்புறப் படுத்து அழுதார்.

"கறியில உப்புக் கூடிட்டா எண்டு கேளு புள்ள," என்றார் உம்மா.

கேட்டேன்.

"கறியில ஒரு குறையுமில்ல மச்சி. அந்த விறகில வெந்த சோத்தத் திண்டுட்டு, நாளைக்கு நான் எந்த முகத்தோட ஆக்கள்ட கட்டப் பறிக்கிற? மாமிட கட்டப் பறிக்கவும் எனக்குக் கை வருகுதில்ல."

ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். பிற்காலத்தில் என் கீழ் வேலைசெய்த எந்த எழுதுநரும் இவ்வளவு நேர்மையாகத் தகவல் கொண்டுவந்ததில்லை. உம்மா அடுக்கியிருந்த கண்டல் விறகையெல்லாம் கட்டித் தலையில் தூக்கினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்கக் காட்டுப் பக்கம் நடந்தார்.

"என்னகா, மருமகன் ஏசிட்டாரா?" என்றது வேலி.

"ஏசல்லகா. பசியில கிடக்கார்."

அதன்பின் எந்தப் பெண்ணும் மூடிய பாதிக்குள் போனதாக நான் கேள்விப்படவில்லை. இன்று அங்கே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அறுகம்பே கடற்கரைக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்கிக் கொக்குகளைப் படம் பிடிக்கிறார்கள். வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் பல பெயர்கள் இருக்கின்றன. உம்மாவின் பெயர் இல்லை.

உம்மா விறகைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்ட மறுநாள், எங்கள் அடுப்பில் தென்னை மட்டையும் உரித்த தேங்காய்ப் பொச்சும் எரிந்தன. மழையில் நனைந்தவை. அடுப்படி முழுக்கப் புகை. உம்மாவின் கண்கள் சிவந்து கொட்டின. சாப்பாட்டு நேரத்தில் மச்சான், காற்றோட்டமான முன்வீட்டில் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, அடுப்படி வாசலுக்கு வெளியே, சரியாகப் புகை அடிக்கும் பக்கம் பார்த்து விரித்து உட்கார்ந்தார். இருமி இருமிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எங்கள் வீட்டில் இருந்த காலமெல்லாம் அவர் அங்கேதான் சாப்பிட்டார்.

என்ன விறகு எரிகிறதென்று சோதிக்கத்தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. கெட்டிக்காரியாக ஓடிப்போய் உம்மாவின் காதில் சொன்னேன்.

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஓம் புள்ள. நல்லாப் பார்க்கட்டும்," என்றார்.

அந்தக் கண்ணீர் புகையால் வந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.