கூரையில் காய்ந்த டிங்கி

1930-களில் தேக்கடி ஏரியில் லாஞ்ச் என்ற விசைப்படகு ஓட்டினேன். சொந்த ஊர் சின்னமனூர். யாரையும் லேசில் நம்பமாட்டேன். தேங்காய் வாங்கினால்கூட மூன்று தரம் தட்டிப் பார்ப்பேன்.

ஏரிக்குள் பட்ட மரங்கள் முங்கியும் முங்காமலும் நிற்கும். லாஞ்ச் கரையை ஒட்டிப் போனால் அடிப்பலகை கிழியும். அதனால் ஆள் இறங்க டிங்கி என்ற சின்னத் தோணி ஒன்றை லாஞ்சின் கூரையில் ஏற்றிப் போவோம். பழைய டிங்கி மகா கனம். ஏற்றினால் லாஞ்சே ஒரு பக்கம் சாயும்.

"ரெண்டு பேர் தூக்குறாப்புல ஒண்ணு பாருய்யா" என்றார் அணை ஓவர்சியர்.

இரண்டு வந்தன. மதுரையிலிருந்து வந்தது தகரம். தூக்க நாலு பேர் வேண்டும். மற்றது கொச்சிப் பக்கத்து ஆசாரி ஒருவர் மெல்லிய பலகையில் செய்து, தானே கொண்டுவந்தது. நானும், லாஞ்ச் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் செபஸ்தியானும் சுலபமாகத் தூக்கிவிட்டோம். உடனே எனக்குச் சந்தேகம். எங்கே பலகையை மிச்சம் பிடித்திருக்கிறார்? ஆணியைச் சுரண்டினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். தண்ணீரில் இறக்கி நாலு பேரை ஏற்றிக் குதிக்கச் சொன்னேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேறு வழியில்லாமல் அதையே எடுத்தோம்.

புறப்படும்போது ஆசாரி என்னைத் தனியே கூப்பிட்டார். "தினம் ரெண்டு குடம் வெள்ளம் உள்ள ஊத்தணும், கேட்டோ? மேல நனஞ்ச சாக்கு போடணும்."

தோணிக்குள் தண்ணீர் ஊற்றுவதா? சீக்கிரம் அழுகினால்தானே இவருக்கு அடுத்த வேலை! எங்கள் பக்கம் நெல்லானாலும் பருத்தியானாலும் காய்ந்தால்தான் கெடாது. "சரி, சரி" என்று அனுப்பிவிட்டு, டிங்கியை நல்ல வெயிலில் கூரைமேல் கவிழ்த்துப் போட்டேன். சில வாரம் அதை இறக்க வேலை வரவில்லை; நாளாக ஆக எடை இன்னும் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பங்குனிக் கடைசியில், கரையோரத் தண்ணீர் அளவைப் பார்த்துவர லாஞ்சிலிருந்து டிங்கியில் செபஸ்தியான் கிளம்பினார். அனுமந்தன்பட்டிக்காரர், நீச்சல் தெரியாது. பாதி வழியில் கத்தினார்.

"அண்ணே, தண்ணி ஏறுதுண்ணே!"

வெயிலில் பலகை சுருங்கி, இணைப்பெல்லாம் வாய் பிளந்திருந்தது. டப்பாவால் இறைத்துப் பார்த்தார். முடியவில்லை. டிங்கி முங்கும்போது ஒரு பட்ட மரத்தைக் கட்டிக்கொண்டார். லாஞ்சைக் கிட்டத்தில் கொண்டுபோக வழியில்லை. கயிற்றை வீசினேன், இரண்டு தரம் தவறியது. மூன்றாவது வீச்சில் பிடித்துக்கொண்டார். இழுத்து ஏற்றினோம்.

ஓவர்சியர் கொதித்தார். "அந்த ஆசாரிய விடக்கூடாதுய்யா! நம்மள ஏமாத்திப்புட்டான்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் செபஸ்தியான் ஈரம் சொட்ட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக மேல தப்பில்லைங்கய்யா. காயவிடாதன்னுதான் தண்ணி ஊத்தச் சொன்னாக. நாந்தான் நம்பல" என்றேன்.

ஓவர்சியர் திட்டிய திட்டு மறந்துபோயிற்று. செபஸ்தியான் கேட்டது மறக்கவில்லை.

"நீங்க நம்பாட்டிப் போங்கண்ணே. ஏறுறவன் நானு. எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் நம்பாத பேச்சையும், தோணியில் ஏறப்போகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.