தண்ணீர் ஊற்றாத பிள்ளை

1956ஆம் ஆண்டு ஜூன் 12, செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, மயிலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், ஊராருக்கு வேதம் சொல்லித்தரும் கத்தோலிக்க உபதேசியார் இருதயராஜுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எட்டேகாலுக்கு இறந்தது. இரண்டு நேரமும் அவர் வீட்டில் இல்லை. வல்லத்துப் பக்கம் மூச்சுத் திணறிய வேறொரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேராலே" என்று ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது திருச்சபையின் சட்டம். இந்துவான மருத்துவச்சி பாஞ்சாலிக்குக்கூட அந்த வாசகத்தை அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று அவள் சொம்போடு நின்றாள்.

"நானே ஊத்திடட்டுமா தாயி? புள்ளைக்கு நீலம் பாஞ்சிக்கினு வருது."

"உபதேசியாரு வூட்டுப் புள்ளைக்கு மருத்துவச்சி ஊத்துனான்னு ஊரு சிரிக்கும். சும்மா பேஜாரு பண்ணாத. அவரு ஜல்தியா வந்துடுவாரு" என்றாள் மனைவி தைலம்மாள்.

அவர் வந்தபோது மணி பத்து நாற்பது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே, சப்பாத்திக் கள்ளி ஓரமாக அவரே குழி வெட்டிப் புதைத்தார். மூன்றாம் நாள் தைலம்மாள் கேட்டாள்: "எம்புள்ள இப்ப எங்க இருக்குது?"

பதில் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட குழந்தைகள் வேதனை இல்லாத ஓரிடத்தில் இருக்கும். சர்வேசுரனின் முகத்தை மட்டும் ஒருநாளும் பார்க்காது. பதினோரு வருடமாக எத்தனையோ தாய்மாருக்கு இதைத் தடுமாறாமல் சொன்னவர்தான். இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 4, சனிக்கிழமை, திண்டிவனத்துக்குச் சைக்கிள் மிதித்தார். அங்கே இலத்தீன் படித்த வயதான சாமியார் ஒருவர் இருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆதித் திருச்சபையில சில சன்னியாசிங்க வேற மாதிரி பேசியிருக்காங்க, இருதயராஜ். சர்வேசுரன் நல்லவர்னு சொன்னாலும் நமக்குத் தெரிஞ்ச நல்லதை வச்சித்தான் சொல்றோம். அதனால அவர் இது இல்ல, அது இல்லன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கினே போவணும். கடைசியில அந்த 'இல்ல'யையும் போட்டுடணும். அதுக்கப்புறம், சர்வேசுரனைப் பாக்க மோயீசன் மலைமேல மேகத்துக்குள்ள நுழைஞ்சாரே, அந்த இருட்டு. அங்கதான் அவர்."

"அப்ப, எம்புள்ள அவரைப் பாக்காதுன்னு நாம சொல்றதையும் எடுத்துப் போட்டுடலாமா சாமி?"

"அதை நான் சொல்ல முடியாது. நீயும் கோவில்ல சொல்லி வைக்காத."

மூன்று வருடம், சனிக்கிழமை தவறாமல் போனார். அந்தச் சன்னியாசிகளின் நூல்களைச் சாமியார் இலத்தீனில் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நான்கு நோட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அறிவு வாசலோடு நின்றுவிடும், அன்புதான் உள்ளே நுழையும் என்று பிற்காலத்துத் துறவி ஒருவர் எழுதியிருந்த இடத்தில் இரண்டு முறை கோடு போட்டார். அன்று மாலை அதைத் தைலம்மாளுக்குப் படித்துக் காட்டினார். அவள் மல்லாட்டைக் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"இருட்டுதானே? அது இந்த வூட்டுலயே கெடக்குது. அதுக்கு ஏன் திண்டிவனம் போய்க்கினு வர்றீங்க?"

"அப்படி இல்ல தைலம்..."

"புள்ள அவருகிட்ட இருக்குதுன்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாது."

"ஊருல இருக்கறவளுக்கெல்லாம் தெரிஞ்சி சொன்னீங்களே."

அடுத்த ஞாயிறு முதல் அவள் பூசைக்கு வரவில்லை. ஊரார் கேட்டால் இடுப்பு வலி என்றார் இருதயராஜ். தொழிலை அவர் விடவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்துச் சர்வேசுரன் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்பார். அவர்கள் ஒரே குரலில் பதில் சொல்லுவார்கள். சரி என்று தலையாட்டுவார்.

1964 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. தைலம்மாளின் வயிற்றுக் கட்டிக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். பல வருடத்துக்குப் பிறகு அவள் மறுபடி கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. அது எங்க?"

இருதயராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சர்வேசுரன்கிட்ட இருக்குது, தைலம். நல்லா இருக்குது."

அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"கல்லறையில மத்தவங்களுக்குச் சொல்லுவீங்களே, அதே குரலு" என்றாள். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தொன்பதாம் தேதி, வியாழன் காலை ஆறு ஐந்து வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நர்ஸம்மா வந்து நாடி பார்த்துவிட்டு, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டாள்.